கண்டக்டர் இறங்குமிடம்

ஏரிக்கரை விடுதி,
டிசம்பர் 8

அன்புள்ள அக்காவுக்கு,

நானும் அப்பாவும் சுகம். உன் இடுப்பு வலி எப்படி இருக்கிறது? எங்களுக்குக் கையசைத்துவிட்டு உள்ளே போய்ப் படுத்தாயா, இல்லை உடனே மூக்குக்கண்ணாடிக் கடையைத் திறக்க ஓடிவிட்டாயா?

பயணம் நன்றாகப் போகிறது. குளிர்கால விடுமுறை விட்ட அன்றே பள்ளிக்கூட வேனைத் தேய்த்துக் கழுவினேன். ஆனாலும் சீட்டுக்கு அடியிலிருந்து பென்சிலும் ஒற்றைக் காலுறையும் வந்துகொண்டே இருக்கின்றன. அப்பா என் பக்கத்தில் உட்கார மாட்டேன் என்றுவிட்டார். ஆயுசு முழுக்கப் பஸ்ஸில் கண்டக்டராக நின்றவர், வாசலை ஒட்டிய சீட்டில்தான் உட்காருவாராம். அது முதல் வகுப்புப் பிள்ளைகளின் சீட்டு. முழங்கால் மோவாயை இடிக்கிறது. அப்படியே உட்கார்ந்தபடி விசிலை வாயில் வைத்துக்கொண்டார். ஒரு விசில் என்றால் நிறுத்து, இரண்டு விசில் என்றால் போ. வண்டி என்னுடையது, பெட்ரோல் என்னுடையது, அதிகாரம் மட்டும் அவருடையது.

மத்தியானம் ஒரு வளைவைத் தாண்டியதும் ஏரி திடீரென்று முன்னால் வந்தது. அப்பா ஒரு விசில் ஊதினார். இறங்கிப் பார்த்தோம். கரையோரத்தில் மட்டும் தண்ணீர் மெலிசாக உறைந்திருக்கிறது. நடு ஏரி ஆடாமல் அசையாமல் கிடக்கிறது. எதிர்க்கரை மலை முழுவதும் அதற்குள் தலைகீழாக நிற்கிறது, உச்சிப் பனி உட்பட. அப்பா ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, இவ்வளவு பெரிய ஏரிக்கு ஒரு பஸ்கூடக் காணோமே என்றார். அவர் கவலை அவருக்கு.

விடுதியில் கோடைக்காலத்தில் எள் போட்டால் எள் விழாதாம். இப்போது நாங்கள் இரண்டே பேர். விடுதிக்காரம்மா எங்களுக்காக ஒரே ஒரு அறையில் கணப்பை மூட்டியிருக்கிறார். மலைப்பாதையில் பனி தள்ளுகிறார்கள். அது முடிந்து கணவாயைத் தாண்டிவிட்டால் அந்தப் பக்கம் எங்கள் ஊர்தான். அதுவரை இந்த விலாசத்துக்கே எழுது.

உன் பிரியமுள்ள,
தம்பி


டிசம்பர் 15

அன்புத் தம்பிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. நான் நன்றாக இருக்கிறேன். இடுப்பு வலி எங்கேயும் போகாது, அது எனக்கு வாய்த்த துணை. அப்பாவுக்கு ஏரிக்காற்று ஒத்துக்கொள்கிறதா? காதை மூடிக்கொள்ளச் சொன்னால் கேட்க மாட்டார். நீ சொல்லாதே, தொப்பியை எடுத்து மாட்டிவிடு.

சர்க்கரை மாத்திரை காலையில் சாப்பாட்டுக்கு முன்னால். சாப்பிட்டாயிற்று என்று சொன்னால் நம்பாதே, அட்டையை வாங்கிப் பார். முக்கியமான இன்னொன்று. இருட்டு விலகுமுன்பே எழுந்துவிடுவார். எழுந்து, ‘முதல் வண்டி கெளம்புது’ என்று வீட்டிலுள்ள எல்லாக் கதவையும் தட்டுவார். ஒன்பது வருஷமாக எனக்குப் பழகிவிட்டது. உன் மனைவிக்கு முன்கூட்டியே சொல்லி வை, முதல் நாள் பயந்துவிடப் போகிறாள்.

அறையைத் தயார் செய்தாயிற்றா? கிழக்குப் பார்த்த ஜன்னல் என்று சொன்னாய். அதற்குக் கனமான துணியில் திரைச்சீலை தைத்து உன் வீட்டு விலாசத்துக்குப் பார்சல் அனுப்பியிருக்கிறேன். அளவு சரியாக இருக்கிறதா என்று அவளை எழுதச் சொல்.

போன கோடையில் நீ சாப்பிட உட்கார்ந்த இடத்தில், ‘இனிமே அப்பா என் பொறுப்புக்கா’ என்று சொன்னாயே, அன்றைக்கு நான் ஒன்றும் பேசாமல் தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனேன். உனக்குக் கோபமோ என்று நினைத்திருப்பாய். கோபமில்லை.

வீடு அமைதியாக இருக்கிறது.

அன்புடன்,
அக்கா


ஏரிக்கரை விடுதி,
டிசம்பர் 22

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் வந்தது. இங்கே எல்லாரும் சௌக்கியம். அப்பாவுக்குத் தொப்பி மாட்டியாயிற்று. மாத்திரை அட்டையும் என் பையில்தான்.

மலைப்பாதை இன்னும் திறக்கவில்லை. அதற்காக நாங்கள் சும்மா உட்கார்ந்திருக்கவில்லை. கேட்டால் சிரிப்பாய். ஏரியைச் சுற்றி வரும் பஸ்ஸைப் பனிக்காலத்தில் நிறுத்திவிடுவார்களாம். முந்தாநாள் அப்பாவை ஏரிக்கரைச் சாலையில் சும்மா ஒரு சுற்றுக் கூட்டிப் போனேன். ஒரு பக்கம் ஏரி, ஒரு பக்கம் ஊசியிலை மரங்கள், நடுவில் எங்கள் மஞ்சள் வேன். ஒரு வளைவில் நர்ஸம்மா ஒருவர் பையும் கையுமாக நடந்துகொண்டிருந்தார். எதிர்க்கரையில் யாருக்கோ ஊசி போட வேண்டுமாம். அப்பா விட்டார் ஒரு விசில். நான் பயந்துபோய் நிறுத்தினேன்.

ஆள் நடந்து போகும்போது காலி வண்டி தாண்டிப் போனால் அது வண்டியே இல்லையாம். நர்ஸம்மா ஏறினார். அடுத்த திருப்பத்தில் படகுக்காரர் ஏறினார். ஏரி உறைந்துவிட்டால் அவருக்கு வேலை இல்லை, இருந்தாலும் தினமும் படகைப் போய்ப் பார்த்துவிட்டு வருவாராம். நேற்றுப் பார்த்தால் விடுதி வாசலில் ஐந்து பேர் நிற்கிறார்கள். வண்டி எத்தனை மணிக்கு என்று என்னைக் கேட்கவில்லை, அப்பாவைக் கேட்கிறார்கள். அவரும் மூச்சு விடாமல் நேரம் சொல்கிறார். நான் வெறும் டிரைவர்.

ஒருவரிடமும் காசு வாங்கவில்லை. ஆனால் ‘முன்னாடி நகருங்க, முன்னாடி நகருங்க’ என்று ஏழு பேர் இருக்கும் வேனில் அவர் சொல்வதைக் கேட்க வேண்டும். முன்னாடி நகர்ந்தால் என் மடியில்தான் உட்கார வேண்டும்.

ஏரியில் உறைந்த பகுதி நாளுக்கு நாள் உள்ளே நகர்ந்துகொண்டிருக்கிறது. வாத்துகள் நடுவில் மிச்சமிருக்கும் தண்ணீரில் நெருக்கியடித்துக்கொண்டு நீந்துகின்றன.

உடம்பைப் பார்த்துக்கொள்.

தம்பி


ஜனவரி 3

அன்புத் தம்பிக்கு,

உங்கள் இருவரின் நலம் அறிந்து சந்தோஷம். நான் சுகமே.

பஸ் விட்ட கதையைக் கடைக்கு வந்தவர்களுக்கெல்லாம் படித்துக் காட்டினேன். ஒரு பெரியவர் சிரித்த சிரிப்பில் புதுக் கண்ணாடி மூக்கிலிருந்து கீழே விழப் பார்த்தது. எல்லாம் சரி. அறையைப் பற்றி நான் கேட்டதற்குப் பதில் இல்லை. திரைச்சீலையைப் பற்றியும் இல்லை. உன் மனைவி ஒரு வரி எழுதவில்லை. நீ சின்ன வயதிலிருந்தே கழுவுகிற மீனில் நழுவுகிற மீன். வாத்தைப் பற்றி நான் கேட்கவே இல்லை, அது எப்படி நீந்துகிறது என்று எழுதுகிறாய்.

இன்னொன்று. மலைப்பாதை திறந்தாயிற்று, சக்கரத்தில் சங்கிலி கட்டிய வண்டிகள் போகலாம் என்று வானொலியில் நான்கு நாளாகச் சொல்கிறார்கள். உனக்கு யாரும் சொல்லவில்லையா? நீ ஏன் இன்னும் அங்கே செக்குமாடு மாதிரி ஏரியைச் சுற்றிக்கொண்டிருக்கிறாய்?

அப்பா வீடு போய்ச் சேர்ந்துவிட்டார் என்று தெரிந்தால்தான் எனக்கு மனசு ஆறும். சீக்கிரம் எழுது.

அக்கா


ஏரிக்கரை விடுதி,
ஜனவரி 14

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். நீ நலமா? கடையில் கூட்டம் எப்படி?

நீ சொன்னபடி மலைப்பாதை திறந்துவிட்டது. சக்கரங்களுக்குச் சங்கிலி கட்டிக்கொண்டு போனோம். அக்கா, நீ ஒருதரம் கட்டாயம் பார்க்க வேண்டும். ஏற ஏற ஏரி சின்னதாகிக்கொண்டே வந்தது. முதலில் வயல் அளவு, அப்புறம் முற்றம் அளவு. சாலையின் இரண்டு பக்கமும் வெட்டித் தள்ளிய பனி சுவர் மாதிரி நிற்கிறது, வேனைவிட உயரம். சுவருக்கு மேலே வானம் ஒரு கோடாகத்தான் தெரிகிறது. மரங்கள் எல்லாம் பாரம் தாங்காமல் தலைகுனிந்திருக்கின்றன. எங்கேயாவது ஒரு கிளை நிமிர்ந்தால் மொத்தப் பனியும் பொத்தென்று விழும். அப்பா ஒவ்வொரு தடவையும் திரும்பிப் பார்த்தார். உச்சியில் காற்று எங்களைத் தள்ளிவிடும் போலிருந்தது. வெயிலும் இருந்தது. அந்த வெளிச்சத்துக்குக் கண் கூசித் தண்ணீர் வந்தது.

பிரேக்கில் ஏதோ சத்தம் கேட்டது. அதனால் திரும்பி இறங்கிவிட்டோம். இங்கே ஒரு மெக்கானிக் இருக்கிறார், பார்க்கிறேன் என்றிருக்கிறார். பார்க்கட்டும்.

அப்பா உன்னை விசாரித்தார்.

தம்பி


ஜனவரி 20

மரியாதைக்குரிய அண்ணிக்கு வணக்கம்.

நாங்கள் இங்கே ஒருவாறு சுகம். உங்கள் இடுப்பு வலி தேவலையா? நீங்கள் எழுந்து நடக்கக்கூட முடியாமல் இருக்கிறீர்கள், அதனால் விடுமுறை முழுக்க உங்கள் வீட்டிலேயே இருந்து உங்களையும் மாமாவையும் பார்த்துக்கொள்ளப் போவதாக உங்கள் தம்பி சொல்லிவிட்டுப் போனார். அவர் கடிதங்களில் விலாசம் ஏரிக்கரை விடுதி என்றிருக்கிறது. வைத்தியத்துக்காக உங்களை அங்கே கூட்டிப் போயிருக்கிறார் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். ஆனால் நீங்கள் அனுப்பிய பார்சலில் உங்கள் ஊர் முத்திரை இருக்கிறது. மாமாவின் அறைக்கு என்று ஒரு சீட்டும் இருக்கிறது. எனக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை.

அண்ணி, மாமாவை அழைத்துவர எனக்கும் சம்மதமாகத்தான் இருந்தது. நவம்பரில் என் அம்மா குளியலறையில் விழுந்துவிட்டார்கள். அன்றிலிருந்து படுக்கைதான். அந்தக் கிழக்கு ஜன்னல் அறையில்தான் படுத்திருக்கிறார்கள். ஆஸ்பத்திரிச் சலவைப் பிரிவில் எனக்கு ஒரு வாரம் காலை முறை, ஒரு வாரம் மாலை முறை. மாமாவை எங்கே படுக்க வைப்பது, நீங்களே சொல்லுங்கள் என்று அவரிடம் கேட்டேன். அக்காவிடம் பேசிக்கொள்கிறேன் என்றார். பேசியிருப்பார் என்றே இத்தனை நாள் நினைத்திருந்தேன்.

திரைச்சீலை அளவு சரியாக இருக்கிறது. மாட்டலாமா என்று தெரியவில்லை. மடித்து வைத்திருக்கிறேன்.

தங்கள் பதிலை எதிர்பார்க்கும்,
தம்பி மனைவி


ஜனவரி 28

தம்பிக்கு,

நலம் விசாரிக்கும் நிலையில் நான் இல்லை.

உன் மனைவி எழுதியிருக்கிறாள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியாது என்பார்கள். நீ எழுபத்தைந்து வயது அப்பாவையே மறைக்கப் பார்த்திருக்கிறாய். எனக்கு நடக்க முடியவில்லையாமே. நேற்றுக்கூடக் கடையின் மேல் தட்டைத் துடைக்க ஏணியில் ஏறினேன்.

பிரேக் கதையையும் யோசித்துப் பார்த்தேன். கணவாய் உச்சியில் நின்றால் இரண்டு பக்கமும் இறக்கம்தான். பிரேக் சரியில்லாதவனுக்கு இந்தப் பக்கம் மட்டும் எப்படி இறங்க முடிந்தது?

அப்பாவுக்கு இதெல்லாம் தெரியுமா? அதை மட்டும் உண்மையாக எழுது.

அக்கா


ஏரிக்கரை விடுதி,
பிப்ரவரி 6

அன்புள்ள அக்காவுக்கு,

நாங்கள் நலம். நீ என்னை எவ்வளவு திட்டினாலும் தகும். நீ குறைவாகத்தான் திட்டியிருக்கிறாய்.

நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். பிரேக்கில் ஒரு சத்தமும் இல்லை. உச்சியில் வேனை நிறுத்தினேன். கீழே எங்கள் ஊர் பளிச்சென்று தெரிந்தது. தண்ணீர்த் தொட்டி, பள்ளிக்கூடக் கூரை, ஆஸ்பத்திரிப் புகைபோக்கி எல்லாம். இன்னும் கொஞ்ச நேரத்தில் வீட்டு வாசலில் போய் நிற்க வேண்டும். அவளிடம் என்ன சொல்வது, அப்பாவிடம் என்ன சொல்வது, ஒன்றும் ஓடவில்லை. ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அப்பா இரண்டு விசில் ஊதுவார், கிளம்ப வேண்டியதுதான் என்று காத்திருந்தேன். அவர் ஊதவில்லை.

அப்புறம் கேட்டார்: “அந்தம்மா எந்திரிச்சு நடக்கறாங்களா?”

என் மாமியாரைத்தான் கேட்டார். விடுதிக்காரம்மாவிடம் ஒருநாள் மனசு தாங்காமல் நான் புலம்பியது அவர் காதில் விழுந்திருக்கிறது. இல்லப்பா என்றேன்.

“அப்பத் திருப்பு. பின்னால பாத்துத் திருப்பு, சரிவா இருக்கு” என்றார்.

அவ்வளவுதான். இறங்கி வருகிற வழியெல்லாம் ஏரியை வேடிக்கை பார்த்துக்கொண்டு வந்தார். கீழே வந்ததும் நான்கு பேரை ஏற்றினார். அன்றைக்கு அவர் விசில் வழக்கத்தைவிடச் சத்தமாக இருந்ததாக எனக்குத் தோன்றியது. நான் முகம் கழுவுவது போல் இரண்டு தடவை இறங்கிப் போனேன்.

அக்கா, உன் கடிதத்தின் பின்பக்கத்தையும் திருப்பிப் பார்த்தேன். ‘அப்பாவை இங்கே கூட்டிக்கொண்டு வந்துவிடு’ என்று எங்கேயாவது எழுதியிருப்பாய் என்று நினைத்தேன். எழுதவில்லை. குறை சொல்லவில்லை, ஏன் என்று கேட்கத் தோன்றுகிறது. அப்பாவும் அந்தக் கடிதத்தைப் படித்தார்.

மார்ச் முதல் வாரம் பள்ளிக்கூடம் திறக்கிறது. வேன் போயாக வேண்டும். அதற்குள் ஒரு வழி சொல்.

தம்பி


பிப்ரவரி 25

அன்புத் தம்பிக்கு,

நீங்கள் இருவரும் நலமாக இருக்க வேண்டும். பதில் எழுத இத்தனை நாள் ஆகிவிட்டது. தினமும் எழுத உட்கார்ந்தேன், தினமும் எழுந்து கடையில் போய்த் துடைத்த கண்ணாடியையே திரும்பத் துடைத்தேன்.

நீ கேட்டதற்குப் பதில் சொல்கிறேன். அப்பா போன மறுநாள் வெயில் முகத்தில் அடிக்கும்வரை தூங்கினேன். யாரும் கதவைத் தட்டவில்லை. எழுந்து எனக்கு மட்டும் டீ போட்டேன். சுடச்சுட முழுசாகக் குடித்தேன். ஒன்பது வருஷத்தில் அப்படி ஒரு டீ குடித்ததில்லை. குடித்துவிட்டு, பெற்ற அப்பாவை அனுப்பிவிட்டு எப்படி இவ்வளவு நிம்மதியாக இருக்கிறோம் என்று பயந்துபோனேன். அவர்மீது எனக்குப் பாசம் இல்லை என்று யாராவது சொன்னால் நாக்கை இழுத்து வைத்து அறுப்பேன். ஆனால் திரும்பவும் அந்த விடியற்காலை என்னால் முடியாது என்று உடம்பு சொல்கிறது. அதனால்தான் அந்த வரியை எழுதவில்லை. எழுதத் தொடங்கினேன், கை வரவில்லை.

நீ பொய் சொன்னாய். நான் வாயை மூடிக்கொண்டேன். இதில் யார் யாரைக் கேட்பது?

ஆனால் அப்பாவை நடுத்தெருவில் விட முடியாது. உன் வீட்டில் இடமில்லை, அது உன் மனைவி குற்றமில்லை. அந்தத் திரைச்சீலையை அவள் அம்மாவுக்கே மாட்டச் சொல்லி எழுதிவிட்டேன். நான் மார்ச்சில் வந்து அப்பாவைக் கூட்டிப் போகிறேன். ஒன்பது வருஷம் ஓடியது, மிச்சமும் ஓடும். இதை அவரிடம் சொல்லிவிடு. நான் சந்தோஷமாகக் கூப்பிட்டதாகச் சொல்.

அக்கா


ஏரிக்கரை விடுதி,
மார்ச் 4

மகளுக்கு அப்பா எழுதுவது.

நலம். சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது. நர்ஸம்மா வாரா வாரம் பார்க்கிறார். உன் தம்பி வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டான். வேனுக்குப் பின்னால் நின்று கை காட்டித் திருப்பிவிட்டேன். கேட்டில் லேசாக உரசிவிட்டான், நீ கேட்காதே.

நீ எழுதியதை அவன் எனக்குப் படித்துக் காட்டினான். ‘சந்தோஷமாகக் கூப்பிட்டதாகச் சொல்’ என்ற வரியையும் படித்துவிட்டான். அவனுக்கு எதைப் படிக்க வேண்டும், எதை விட வேண்டும் என்று தெரியாது. சிறு வயதிலும் அப்படித்தான்.

பனி உருக ஆரம்பித்துவிட்டது. ராத்திரி ஏரியிலிருந்து டமார் டமார் என்று வெடிக்கிற சத்தம். அடுத்த வாரம் பஸ் வரும் என்கிறார்கள். வா. வந்து இரண்டு நாள் இரு. திரும்பிப் போக ஒரு டிக்கெட் எடு. இரண்டு எடுக்காதே.

அப்பா


மார்ச் 21

அன்புத் தம்பிக்கு,

நலம்தானே? பிள்ளைகள் வேனில் ஏறியதும் சத்தம் காதைப் பிளக்கிறதா? உன் மாமியார் எழுந்து உட்காருகிறார்கள் என்று உன் மனைவி எழுதியிருந்தாள். மகிழ்ச்சி.

நான் ஏரிக்குப் போய்விட்டு நேற்றுத் திரும்பினேன். உன்னிடம் உட்கார்ந்து சொல்ல வேண்டும் போலிருக்கிறது, அதனால் நீளமாகப் போனால் பொறுத்துக்கொள்.

திரும்பி வர இரண்டு டிக்கெட்தான் எடுத்தேன். அவர் சொன்னால் நான் கேட்க வேண்டுமா என்று ஒரு பிடிவாதம். பஸ் ஏரிக்கரைச் சாலையில் திரும்பியபோது வெயில் நன்றாக ஏறியிருந்தது. நீ எழுதியதெல்லாம் குறைவு. பனிக்கட்டிகள் உடைந்து பாளம் பாளமாகக் கரையில் ஒதுங்கிக் கிடந்தன. நடுவில் நீலத் தண்ணீர். மலையில் பாதிவரை பனி இறங்கிவந்து நிற்க, அதற்குக் கீழே ஈர மரங்கள் கறுப்பாகத் தெரிந்தன. பஸ்ஸில் இருந்தவர்கள் பேசுவதை நிறுத்திவிட்டு ஜன்னல் பக்கம் சாய்ந்தார்கள். நான் மட்டும் அப்பாவிடம் சொல்ல வேண்டியதை மனசுக்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தேன்.

படகுத்துறையில் இறங்கினால், அப்பா அங்கே நிற்கிறார். உன் படகுக்காரர் அவரைப் படகுக்கு ஆள் ஏற்றும் வேலையில் வைத்துக்கொண்டிருக்கிறார். மூன்று வேளைச் சாப்பாடும் விடுதியில் சமையலறையை ஒட்டிய அறையும் சேர்த்து, படகுக்காரரும் விடுதிக்காரம்மாவும் அவர்களுக்குள்ளேயே பேசி முடித்திருக்கிறார்கள். அப்பா என்னைப் பார்த்தார். வரவில்லை. ஒரு கையை மட்டும் தூக்கி, நில்லு என்று காட்டினார். ஒரு தாயையும் குழந்தையையும் கைபிடித்து ஏற்றினார். எண்ணினார். கயிற்றை அவிழ்க்கச் சொன்னார். இரண்டு விசில். படகு நகர்ந்து கொஞ்ச தூரம் போன பிறகுதான் என்னிடம் வந்தார். இளைத்திருக்கிறார், ஆனால் நிமிர்ந்து நடக்கிறார். எனக்கு வந்த ஆத்திரத்தைச் சொல்ல முடியாது. இவ்வளவு தூரம் வந்திருக்கிறேன், ஒரு படகு காத்திருக்கக் கூடாதா?

அவர் அறையைப் பார்த்தேன். கணப்பின் சூடு சுவர் வழியாக வருகிறது. விடுதிக்காரம்மா எனக்கும் ஒரு அறை கொடுத்தார். மாத்திரை அட்டையைக் கேட்டேன், நர்ஸம்மாவிடம் இருக்கிறதாம். நான் குற்றம் கண்டுபிடிக்க அவர்கள் ஒன்றும் மிச்சம் வைக்கவில்லை.

மறுநாள் மாலை துறையில் உட்கார்ந்திருந்தோம். கடைசிப் படகும் வந்துவிட்டிருந்தது. இனித் தள்ளிப் போட முடியாது என்று சொல்லிவிட்டேன்.

“வாங்கப்பா, வீட்டுக்குப் போலாம்.”

அவர் என் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார். அம்மா போன பிறகு அவர் அப்படிச் செய்ததே இல்லை.

“உன் வீட்டுல எனக்கு ஒரு குறையும் இல்லம்மா. ஒன்பது வருஷம் ராஜா மாதிரி வெச்சிருந்தே. ஆனா அங்க எனக்கு எறங்கவும் எடமில்ல, ஏத்தவும் ஆளில்ல. இங்க காலைல நான் போகலேன்னா, கண்டக்டரைக் காணோமேன்னு ஆள் தேடி வர்றாங்க” என்றார்.

நான் அழுதுவிடுவேன் என்று பயந்தாரோ என்னவோ, குளிர் தாங்காமல் போனால் அடுத்த பனிக்காலத்தில் பார்க்கலாம் என்றும் சொன்னார். அது எனக்காகச் சொன்னது. எனக்குத் தெரியும்.

காலையில் பஸ் ஏறினேன். அவர் ஏற்றிவிட்டார். என் பக்கத்து சீட் காலியாக இருப்பதைப் பார்த்தார், என் கையில் இருந்த இரண்டாவது டிக்கெட்டையும் பார்த்தார். கதவைச் சாத்தி வெளியிலிருந்து இரண்டு தட்டுத் தட்டினார்.

தம்பி, இதை உன்னிடம் மட்டும்தான் சொல்ல முடியும். அவர் வரவில்லை என்று சொன்னதும் எனக்கு முதலில் வந்தது சந்தோஷம். அந்தச் சந்தோஷம் தீருவதற்குள் பஸ் ஏரியைத் தாண்டிவிட்டது. அப்புறம்தான் அழுதேன். பக்கத்து சீட்டில் வந்து உட்கார்ந்த ஒருத்தி, யாராவது தவறிவிட்டார்களா என்று கேட்டாள். இல்லை, எங்கள் அப்பா நன்றாக இருக்கிறார் என்றேன். அதைச் சொன்னதும் இன்னும் அதிகமாக அழுதேன்.

உன் மனைவிக்கும் அவள் அம்மாவுக்கும் என் அன்பைச் சொல்.

அக்கா